கசங்காத சட்டை

"சாமி, சைக்கிள்ல போனா சட்டை கசங்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டதும் மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு முன்னால் கேட்டவர், பிறவிப் பிணி தீர வழி கேட்டிருந்தார்.

பிச்சாண்டி சாமி சிரிக்கவில்லை.

"என்ன வேலை?"

"நகைக்கடையில, சாமி. மில்ல மூடினதுக்கப்புறம் இப்பந்தான் ஒண்ணு கெடச்சிருக்கு. வாசல்லயே சூப்பர்வைசர் நின்னு சட்டையப் பாக்காரு. இன்னொரு தடவ கசங்கின சட்டையோட வந்தா அப்பிடியே திரும்பிப் போயிரணும்னுட்டாரு."

"வீட்டுல?"

"பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைய. எல்லாம் இந்தச் சட்டையிலதான் தொங்குது."

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவன் சாமியாகிவிட்டான். மற்றவன் இன்னும் சைக்கிள் மிதிக்கிறான். நாலு பேர் இருந்தால் ஆவுடையப்பன் 'சாமி' என்பான். தனியாக இருந்தால் 'டே பிச்சாண்டி' என்பான். சாமி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார்.

"சட்டையக் கழத்து," என்றார் சாமி.

"சாமி?"

"கழத்துடே."

பெண்கள் பக்கம் சலசலத்தது. ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பொத்தான் பொத்தானாகக் கழற்றி நீட்டினான்.

"இப்பம் சைக்கிள எடு. முத்தத்த ஒரு சுத்து சுத்தி வா."

வெறும் பனியனோடு சுற்றிவந்தான். வாழ்நாளில் அவ்வளவு நீளமான முற்றத்தை அவன் பார்த்ததில்லை.

சாமி கையிலிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"கசங்கிருக்கா?"

ஆவுடையப்பன் வாயைப் பிளந்தான். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் வெயிலில் விறைத்து உட்கார்ந்து மிதித்தோம்?

மறுநாளிலிருந்து பனியனும் லுங்கியுமாகத்தான் சைக்கிள் ஏறினான். சட்டையைப் பழைய காலண்டர் அட்டையில் மடித்து, வேட்டித்துணியில் சுற்றிக் கேரியரில் வைத்தான். பேண்டை மடிக்காமல் சுருட்டினான். கடைக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டில் முகம் கழுவி, வியர்வை அடங்கியபின் உடுத்தினான்.

சூப்பர்வைசர் அவனை மற்றவர்களுக்குக் காட்டினார். "இவனப் பாத்துப் படிங்க."

சட்டைக்கு இடம் வேண்டும் என்று கேரியரில் யாரையும் ஏற்றுவதை நிறுத்தினான். மகள் பள்ளிக்கு நடந்து போனாள்.

சாயங்காலம் கடை விட்டு மடத்துக்கு வந்தால் நின்றுகொண்டே பேசினான்.

"உக்காருடே."

"இல்ல. நாளைக்கும் இதே பேண்டுதான்."

சாமி தரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

அந்த ஆவணியில் சாமிக்குக் காய்ச்சல் கண்டது. நாலைந்து நாளாகியும் விடவில்லை. மடத்தில் சமையல் செய்யும் இசக்கியண்ணன்தான் ராப்பகலாகக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு முகூர்த்த நாள்," என்றான் ஆவுடையப்பன், படுக்கையிலிருந்து தள்ளி நின்று. "மொதலாளியே கடைக்கு வாராரு. வேலைய நெரந்தரமாக்குதாரா, வெளிய அனுப்புதாரான்னு நாளைக்குத் தெரிஞ்சிரும்."

"நல்லபடியாப் போயிட்டு வா," என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல்.

காலையில் கடைக்குப் போகும் வழியில், மடத்துத் தெரு முனையில் திரும்பும்போது சங்குச் சத்தம் கேட்டது.

மடத்து வாசலில் பச்சை ஓலைப் பந்தல். வெளியே பெஞ்சுகள். ஆட்கள் தோளில் துண்டோடு நின்றார்கள்.

ஆவுடையப்பன் பிரேக்கை அழுத்தினான். ஒரு கால் தரையில் ஊன்றியது.

பிச்சாண்டி போய்விட்டான்.

இறங்கவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தான். இறங்கினால் உள்ளே போகவேண்டும். சாவு வீட்டுக்குள் போனால் தலைமுழுக வேண்டும். உடுத்திருக்கும் துணி, கொண்டுபோகும் துணி எல்லாவற்றையும் நனைத்தாக வேண்டும். முகூர்த்த நாளில் சாவு வீட்டிலிருந்து வந்தவனை நகைக்கடையில் படி ஏற்றுவார்களா?

சாமிக்கு ஊர் ஊராகச் சொந்தம். எல்லோரும் வந்து சேர்ந்து எடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் வந்துவிடலாம்.

சைக்கிளைத் திருப்பினான். குளத்தங்கரை வழியாக மிதித்தான். வழியெல்லாம் அழுதான். கண்ணீர் பனியனை நனைத்தது. சட்டை கேரியரில் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம், கடையில் உடுத்திய சட்டையோடேயே, இரண்டு கையாலும் தூக்கும்படி ஒரு ரோஜாமாலை வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவிவிட்டிருந்தது. பெஞ்சில் ஈரத் தலையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

பிச்சாண்டி சாமி.

ஆவுடையப்பன் அலறிவிட்டான். பந்தல் பிரித்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"நீ... நீங்க..."

"இசக்கியண்ணன் போயிட்டாரு," என்றார் சாமி. "ராத்திரி படுத்தவரு எந்திரிக்கல. அவருக்குன்னு காத்திருக்க ஆரு இருக்கா? மத்தியானமே எடுத்துட்டோம். தூக்க ஆள் பத்தல, நானும் தோள் குடுத்தேன்."

"காய்ச்சலோடயா?"

"எனக்குக் கஞ்சி வச்ச மனுசன்லா."

இசக்கியண்ணனுக்காக அழவேண்டும் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றவே இல்லை. பிச்சாண்டி இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாமியின் கண் மாலையில் நின்றது.

"ஆருக்கு?"

ஆவுடையப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இசக்கியண்ணன்னு தெரிஞ்சா வாங்கினே?"

"இல்ல."

சாமி கழுத்தை நீட்டினார்.

"போடு."

"ஐயோ, பிச்சாண்டி!"

"எனக்கு வாங்கினதுதானே? போடுடே."

ஆவுடையப்பனால் போட முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. பூ உதிர்ந்துகொண்டே இருந்தது.

"எப்பந் தெரியும் ஒனக்கு?"

"காலையில சங்குச் சத்தம் கேட்டுது. பந்தலையும் பாத்தேன்."

"நாந்தான்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"அப்புறம்?"

"குளத்தங்கரை வழியாப் போயிட்டேன்."

பந்தல் பிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது வைவார், அடிப்பார் என்று ஆவுடையப்பன் காத்து நின்றான். வைதால் தேவலை என்றிருந்தது.

"வேலை நெரந்தரமாச்சா?"

"ஆச்சு."

பிச்சாண்டி அவனைக் காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை பொறுமையாகப் பார்த்தான். முகத்தில் கொஞ்சமும் கோபம் இல்லை.

"சட்டை நல்லாருக்குடே," என்றான்.