விருந்தாளிக்கு வெற்றிலை

பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கொடு என்றால் எந்த ஊர் கொடுக்கும்? கரிசல்பட்டியும் கொடுக்கவில்லை. படைத்தலைவன் மாறப்பனுக்கு ஆத்திரம். வீட்டுக்கு வீடு குதிரைவீரர்களைக் குடிவைத்து, மகனைக் கொடுக்கும்வரை தின்று தீர்க்கச் சொன்னான். விதைநெல்கூட குதிரைகளுக்குப் போனது. தடுத்தவர்களுக்குச் சவுக்கடி. சடைச்சியின் புருஷன் அடிபட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

சேதி எட்டி, விசாரிக்க ராஜாவே சடைச்சி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"கட்டாயப்படுத்தினோமா? அபாண்டம், மகாராஜா! உபசாரம் என்று சொல்லுங்கள், அன்பு என்று சொல்லுங்கள். நாங்கள் இவர்கள் வீட்டு விருந்தாளிகள்" என்று குழைந்தான் மாறப்பன். "நீயே சொல்லு, சடைச்சி!" அவன் கை சவுக்கைத் தடவியது.

"ஆமா சாமி, விருந்தாளிங்கதான்" என்றாள் சடைச்சி. உள்ளே போனவள் தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். "விருந்து முடிஞ்சுது. தாம்பூலம் வாங்கிக்கிட்டுப் புறப்படுங்க."

அவள் நீட்டிய தட்டைத் தொடாமல் நின்றான் மாறப்பன்.

"விருந்தாளிதானே? வாங்கிக்கொள்" என்றார் ராஜா.

வாங்கினான். குதிரைகள் தெருவில் இறங்கின.

விரோதியே வந்து போனாலும் 'போயிட்டு வாங்க' என்று வழியனுப்புகிற ஊர் அது. சடைச்சி வாசலில் நின்று, "போங்க" என்றாள்.