வாசல் கீழே வைத்த மாளிகை

இது நான் நேரில் கண்டதல்ல. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னதாம்.

ஓர் ஏரிக்கரைக் காட்டில் ஐப்பசிதோறும் வெள்ளம் புகுந்துவிடும். மழைக்கு ஒதுங்கப் பொதுவில் ஒரு மாளிகை கட்டுவது என்று விலங்குகள் முடிவு செய்தன. வேலையைத் தூக்கணாங்குருவியிடம் ஒப்படைத்தன. அதைவிட நன்றாகக் கட்ட யார் இருக்கிறார்கள்?

குருவி எல்லாரிடமும் புல் கேட்டது. நிறைமாத முயல்கூடத் தினமும் வாய் நிறையப் புல் கொண்டுவந்து போட்டது. பிறக்கப்போகும் குட்டிகள் நனையாமல் இருந்தால் போதும் அதற்கு.

முயல் மூன்று குட்டிகள் ஈன்ற வாரத்தில் திறப்பு விழா வந்தது. கருவேலங்கிளையிலிருந்து, தண்ணீருக்கு நேர் மேலே, மாளிகை தொங்கியது. "ஆகா!" என்றது மயில்.

முயல் கரையோரமாக இப்படியும் அப்படியும் ஓடிப் பார்த்தது.

"மேஸ்திரி, வாசல் எங்கே?" என்று குருவியைக் கேட்டது.

"அடிப்பக்கம்! பாம்புகூட ஏற முடியாது, தெரியுமா?"

"நானும்தான் ஏற முடியாது!"

"பறந்து வந்து அப்படியே நுழைய வேண்டியதுதானே?"

"எந்த ஊர் முயல் ஐயா பறக்கிறது?"

"நீ முதலில் எதிர்க்கரையில் போய் நின்று பார். சாயங்கால வெயிலில் பொன்னாக மின்னும்!"

"பார்க்கவா கேட்டேன்? படுக்கக் கேட்டேன்!"

மயிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீ வாசல் வாசல் என்று உயிரை வாங்குகிறாயே!"

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. முயலின் புதருக்குள் தண்ணீர் ஏறியது. அது ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு கறையான் புற்றின் உச்சிக்கு ஓடியது. கடைசிக் குட்டியை எடுக்கும்போது அதன் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மூன்றையும் வயிற்றடியில் அணைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் முயல் நடுங்கியபடி நின்றது.

மேலேயிருந்து குருவி எட்டிப் பார்த்தது. "பார்த்தாயா! உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை!"

"பார்த்தேன், மேஸ்திரி. உள்ளே ஒருவரும் இல்லை. அதையும் பார்த்தேன்."

குருவி திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. குருவியின் குரல் இறங்கிவிட்டது.

"உனக்கு எப்படி வேண்டும் என்று சொல். மழை விட்டதும் கட்டித் தருகிறேன்."

"புல் கேட்ட அன்றைக்கே இதையும் கேட்டிருந்தால் என்ன?" என்றது முயல்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். ஆண் தூக்கணாங்குருவி தன் சொந்தக் கூட்டைப் பாதி கட்டியதும் நிறுத்திவிடுமாம். பெட்டைக் குருவி வந்து சோதித்துப் பார்த்து, பிடித்திருந்தால்தான் மீதியைக் கட்டி முடிக்குமாம். இது உண்மைதான்.

ஊருக்காகக் கட்டுகிறவர், அதில் ஒதுங்கப் போகிறவரைக் கேட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.