பதினொரு புளியங்கொட்டை

இருளப்பனுக்கு வயது ஐம்பத்தைந்து. கடலோர ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக ரத்தம் பார்க்கிறவர். அவர் குருவாக வரித்துக்கொண்ட லேப் டாக்டர் ஜுனைதாவுக்கு முப்பத்திரண்டு. வயதில் என்ன இருக்கிறது, விஷயம் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பது இருளப்பன் கட்சி. ஆனால் தன் கண்ணை யாராவது சந்தேகப்பட்டால் மட்டும் மனுஷருக்குப் பொறுக்காது.

மலேரியா ஸ்லைடு பார்க்கும்போது மைக்ராஸ்கோப் பக்கத்தில் புளியங்கொட்டை வைத்திருப்பார். ஒரு கிருமி தென்பட்டால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்குப் போகும். அன்று காலை, படகுக்காரர் கஸ்பாரின் ஸ்லைடுக்குப் பதினொன்றுதான் போயிற்று. 'குறைவு' என்று எழுதினார். வாசலில் நின்ற கஸ்பாரின் மனைவி பிலோமியிடம், "பயமில்லம்மா, மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்று சொல்லியும் விட்டார். அவள் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஜுனைதா வந்து அதே ஸ்லைடில் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை.

"என்ன மேடம், என் எண்ணிக்கையில சந்தேகமா?"

"எண்ணிக்கை சரிதாண்ணே. இதுங்களுக்கு என்ன வயசு?"

"எல்லாம் இளசு. மோதிரம் மாதிரி இருக்கே."

"வளர்ந்தது?"

"ஒண்ணுகூட இல்ல. நல்லதுதானே?"

"கஸ்பாருக்கு நாலு நாளாக் காய்ச்சல். வளர்றதுக்கு ரெண்டு நாள் போதும். வளர்ந்ததெல்லாம் எங்க போச்சு?"

இருளப்பன் முகம் சுண்டிப்போயிற்று. இந்தம்மாவுக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்க வாப்பா போலீஸ்காரர்" என்றார் ஜுனைதா. "ஒரு ஊருக்குச் சாராய ரெய்டு போனாங்களாம். தெருவுல பதினோரு பிள்ளைங்க கோலி விளையாடிட்டு இருந்துச்சு. பெரியாளு ஒருத்தர் இல்ல. கூடப் போனவர், 'பிள்ளைங்கதான் இருக்கு, ஊர் அமைதி'ன்னு எழுதப் போனாரு. வாப்பா பேனாவைப் பிடுங்கிட்டாரு. காத்துல சாராய வாடை அடிச்சுதாம்."

"பெரியவங்க எங்க இருந்தாங்க?"

ஜுனைதா ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினார். "இந்த வெள்ளணுவைப் பாருங்க. வயித்துல கறுப்பா என்ன?"

இருளப்பன் குனிந்து பார்த்தார். வளர்ந்த கிருமி விட்டுப்போகிற கறுப்புப் பொடி. காலையிலும் அது அங்கேதான் இருந்திருக்கும். அவர் மோதிரங்களை மட்டும் எண்ணியிருந்தார்.

"வாங்கண்ணே, வார்டுக்குப் போவோம்."

கஸ்பார் சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்துவிட்டது என்று பிலோமி அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். ஜுனைதா துணிப்பையையும் ஒரு முழக் கயிற்றையும் அவர் மடியில் வைத்தார்.

"பை வாயைக் கட்டுங்க அண்ணாச்சி."

கஸ்பார் கயிற்றை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

பிலோமி சிரித்தாள். "கண்ணை மூடிக்கிட்டு வலை முடியிற கை டாக்டர். என்னங்க, விளையாடுறீங்களா?"

அவர் மறுபடி சுற்றினார். முடிச்சு விழவில்லை. பிலோமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆட்டோவை அனுப்பிருங்க" என்றார் ஜுனைதா. நர்ஸிடம், "டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க. மாத்திரை வேண்டாம், நரம்பு ஊசி. இப்பவே."

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடக்கும்போது இருளப்பன் கேட்டார், "வளர்ந்ததெல்லாம் எங்கதான் மேடம் ஒளியுது?"

"சிவப்பணுவுக்குள்ள உக்காந்து வளரும்போது, அந்த அணுவோட மேல்தோல்ல முண்டு முண்டா ஏத்தி விடும். அதுல பசை. படகு அடியில சிப்பி ஒட்டுற மாதிரி அந்த அணு ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கும்."

"ஒட்டி என்ன லாபம்?"

"சுத்திக்கிட்டு இருந்தா மண்ணீரல் செக்போஸ்ட்டுல மாட்டிக்கும். ஒட்டிக்கிட்டா மாட்டாது. மூளைக்குப் போற சின்னச் சந்துல ஒட்டினா, சந்து அடைஞ்சு போகும். அதான் அவருக்கு முடிச்சு விழல. விரல்ல குத்தினா நமக்கு வர்றது தெருவுல திரியறது மட்டும்தான்."

மத்தியானம் கஸ்பாருக்கு வலிப்பு வந்தது. அதற்குள் இரண்டு மணி நேரமாக மருந்து உடம்பில் ஏறியிருந்தது. அதன் பிறகு இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் வராந்தாவில் பிலோமி இருளப்பனை மறித்தாள். "பயமில்லன்னு சொன்னீங்களே சார்?"

அவள் சண்டைக்கு வரவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். ஆட்டோ கிளம்பியிருந்தால் அந்த வலிப்பு எங்கே வந்திருக்கும் என்று இருளப்பன் நினைத்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை கஸ்பார் விழித்தார். தண்ணீர் கேட்டார். பிலோமி அந்தக் கயிற்றை நீட்டினாள். "இது என்னத்துக்குடி இப்ப?" என்று எரிந்து விழுந்தபடி, பார்க்காமலே முடிச்சுப் போட்டார். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இருளப்பன் லேபுக்குத் திரும்பி வந்தார். மேஜையில் அந்தப் பதினொரு கொட்டைகள் அப்படியே கிடந்தன.

"மேடம், அன்னைக்கு நீங்க பதில் சொல்லல. அந்த ஊர்ல பெரியவங்க எங்கதான் இருந்தாங்க?"

ஜுனைதா அடுத்த ஸ்லைடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது வாப்பாவுக்கும் அப்ப தெரியாதுண்ணே. ஆளில்லன்னு மட்டும் அவர் எழுதல."