விசாரணைக்கு வராத ஆடு

"தங்கம் மாதிரி வசனம் குடுத்தனான் ரீச்சர். எங்கை, ஒரு பிழை சொல்லுங்கோ பாப்பம்!"

தயாபரன் ஊரில் தலைமையாசிரியராக இருந்தவர். அடைக்கலம் தேடிப் போன தேசத்தில், விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் பழகவென்று நிரோஜினியிடம் சேர்ந்தார். அவள் அவரைவிட எவ்வளவோ இளையவள். இருந்தால் என்ன, குரு குருதானே! வாய் நிறைய "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று எட்டு வயதுப் பெடியன் கவிதரனுக்கு விசாரணை. அவன் சொல்வதை நம்பினால் மாமியோடு அங்கேயே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெடியன் சொன்னான்: "மழை பெய்ஞ்சது. ஜீப் வந்தது. அப்பாவை ஏத்திக்கொண்டு போனவை. அப்பான்ர ஒரு செருப்பு வாசல்ல கிடந்தது. அதை ஆடு சப்பினது."

தயாபரன் அதை அதிகாரியின் மொழியில் சொன்னார்: "மழை பெய்த ஒரு நாளில் என் தந்தையார் வாகனமொன்றில் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டார்."

அதிகாரி முகத்தைச் சுளித்தாள்.

"சின்னப் பிள்ளை இப்படியா பேசும்? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு இன்னொரு தரம் கேட்பேன். அதோடு சரி."

மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் நிரோஜினி. வெளியே வந்து தயாபரன் பிழை சொல்லச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆடு எங்கை அண்ணை?"

"ஆடோ? கடவுளே! ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை தொங்குது. அதுக்குள்ள ஆடு என்னத்துக்கு?"

"ஆடு எங்கை?"

"செருப்பைச் சப்பினதெல்லாம் ஒரு சாட்சியமே! என்ர பள்ளிக்கூடத்தில எழுதியிருந்தா சிவப்பு மையால வெட்டியிருப்பன்."

நிரோஜினி கைப்பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

தயாபரனுக்குக் கோபமென்றால் அப்படியொரு கோபம். வீட்டில் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து கை கழுவப் போனவர், வாசலில் கழற்றிப்போட்ட தன் செருப்புச் சோடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அட, மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் பெடியன் அதையேதான் சொன்னான். தயாபரன் மழை, ஜீப், செருப்பு, ஆடு எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே சொன்னார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள்.

"பிறகு அந்தச் செருப்பு?"

"ஆட்டிட்டப் பறிச்சுக் கழுவி ஒளிச்சு வைச்சனான். அப்பா வந்தால் ஒத்தைச் செருப்போட எப்பிடி நடக்கிறது?"

தயாபரன் அதையும் அப்படியே அதிகாரிக்குச் சொன்னார். ஒரு சொல் கூட்டவுமில்லை, ஒரு சொல் குறைக்கவுமில்லை.

அதிகாரி பேனாவை மூடி வைத்தாள்.

"போதும். அவன் மாமியோடேயே இருக்கட்டும்."

வெளியே மாமி பெடியனைக் கட்டிப்பிடித்தபடி கேட்டாள்.

"அந்த ஐயா எல்லாம் வடிவாச் சொன்னவரோ ராசா?"

"எந்த ஐயா?" பெடியன் நெஞ்சை நிமிர்த்தினான். "நானெல்லோ சொன்னனான்!"

தயாபரன் சட்டென்று பின்னால் வந்த நிரோஜினியைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்திய அன்றுகூட அவருக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

"கேட்டியளே ரீச்சர்!"