கூரைமேல் எறிந்த பல்

அந்தக் காலத்தில் மனிதர்களுக்குப் பல் ஒரே ஒரு முறைதான் முளைத்தது. கைப்பிள்ளையாக இருக்கும்போது ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் பல்லை வைத்துத்தான் ஆயுசு முழுக்கக் கடித்து மென்று பிழைக்க வேண்டும். அப்போது அணிலும் பேசும், ஆடும் பேசும். கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் ஒரு காக்கை புகுந்து பதில் சொல்லிவிட்டுப் போகும். யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒச்சம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் விதைக்கிறவன். அவர்களுடைய மூத்த பிள்ளை ஐந்து வயதில் செத்துப்போனான். கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கி, ஒரு பக்கத்துக் கண்ணே மூடிக்கொண்டது. பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று ஒச்சம்மா சொன்னாள்.

"பிடுங்கிட்டா ஆயுசுக்கும் ஓட்டைவாயனாக் கெடப்பான். ரெண்டு நாளு பாப்போம்" என்றான் சடையாண்டி.

அந்த இரண்டு நாளுக்குள் பிள்ளை போய்விட்டான்.

அதனால் அடுத்தவள் மாயக்காளுக்கு ஆறாவது வயதில் கன்னம் வீங்கியபோது ஒச்சம்மா யாரையும் கேட்கவில்லை. கற்றாழை நாரை முறுக்கி எடுத்துக்கொண்டு மகளை முற்றத்தில் உட்காரவைத்தாள். சடையாண்டி பின்னாலிருந்து பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தா, நோகுமா?"

"நோகாதுடி கண்ணு. வாயைத் தொற."

நொந்தது. பிள்ளை போட்ட சத்தத்தில் கொட்டிலில் மாடு எழுந்து நின்றுவிட்டது. பல் வந்தது, சீழும் வந்தது. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து மாயக்காள் பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த வருஷத்திலேயே இன்னும் மூன்று பல் சொத்தையாயின. இரண்டாவது பல்லுக்கு மாயக்காள் வாயைத் திறக்கவே இல்லை. மூக்கைப் பிடித்துத்தான் திறக்க வைத்தார்கள். நான்கும் போன பிறகு அவளால் எதையும் மெல்ல முடியவில்லை. சோளத்தை ஒச்சம்மா தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, விரலில் எடுத்து ஊட்டினாள். அந்த விரல் பக்கத்தில் வந்தாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறுதான் என்று சொன்னாலும் நம்பவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதில் ஒரு தாய் அணில் குடியிருந்தது. ஒரு நாள் ஒச்சம்மா சாணி தட்டிக்கொண்டிருந்தபோது அது தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"ஒனக்கு மட்டும் எப்படித் தங்கச்சி பல்லு தேயாம இருக்கு?" என்று கேட்டாள்.

"தேயாம என்னக்கா? தேயத் தேய வளரும். கொறிக்காம இருந்தாத்தான் எங்களுக்குக் கஷ்டம்."

ஒச்சம்மா சாணிக் கையோடு எழுந்து மரத்தடிக்கு வந்தாள். "அந்த வளத்தியில கொஞ்சம் எம்புள்ளைக்குக் குடுப்பியா? நீ என்ன கேட்டாலும் செய்யுறேன்."

அணில் கொறிப்பதை நிறுத்தியது. "குடுக்கலாம்க்கா. ஆனா மரத்துல இருந்துக்கிட்டுக் குடுக்க முடியாது. ஒரே கூரையில குடியிருந்தாத்தான் எங்க பல்லோட வளத்தி ஒங்க புள்ளைகளுக்கு வரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "எனக்கும் ஒரு இடம் வேணும். இந்த மரத்தடிப் பொந்துல சாரைப்பாம்பு கெடக்கு. மூணு ஈத்துப் போட்டேன். ஒரு குட்டிகூடக் கண்ணு தொறந்து பாக்கல."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒச்சம்மா. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஏறி வா தங்கச்சி. என் கூரை நிக்கிற மட்டும் ஒன்னை யாரும் எறக்க முடியாது. இது எம்புள்ளை மேல சத்தியம்."

"நானும் சொல்றேன். நாங்க ஒங்க கூரையில இருக்கிற மட்டும், எத்தனை தடவை பல்லு போனாலும் அத்தனை தடவையும் முளைக்கும்."

பிடுங்கிய நான்கு பல்லும் ஒச்சம்மாவிடம் ஒரு துணி முடிச்சில் இருந்தன. எறும்பு மொய்க்காமல் இருக்க அவற்றைச் சாணி உருண்டையில் பொதிந்து, கூரைமேல் எறிந்தாள். அணில் உருண்டையைக் கூரையில் கட்டிய புதுக் கூட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனது. எட்டாம் நாள் மாயக்காளின் ஈறில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. மாதம் திரும்புவதற்குள் நான்கு பல்லும் வரிசையாக வந்துவிட்டன. அவள் வறுத்த சோளத்தை நறுக்கென்று கடித்த சத்தம் கேட்டு ஒச்சம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. மற்ற வீட்டுக்காரர்களும் அணில்களைக் கூப்பிட்டுக் கூரையில் இடம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பல் ஆடினாலும் சொத்தையானாலும் எவரும் கவலைப்படவில்லை. பிடுங்கு, சாணியில் உருட்டு, எறி. அவ்வளவுதான்.

மூன்று வருஷம் போயிற்று. ஒச்சம்மா வீட்டு அணில் கூட்டுக்காகப் பனையோலையை நார்நாராகக் கிழித்ததில் கூரையில் ஓட்டை விழுந்தது. ஐப்பசியில் ஒரு மழைக்கு, மூட்டையில் இருந்த விதைக் கம்பு பாதி நனைந்து முளைவிட்டுவிட்டது. மலைப்பக்கம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கே பிரிச்சு வேயணும். மிச்ச வெதையும் போச்சுன்னா வர்ற வருசம் மண்ணைத்தான் திங்கணும்" என்றான் சடையாண்டி.

"அது குட்டி போட்டிருக்கு. எறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஏ புள்ள, மாயக்காளுக்குத்தான் எல்லாப் பல்லும் வந்துருச்சே. இனிமே அந்த அணில வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

ஒச்சம்மாவுக்குக் கோபம் வந்தது. திட்டவும் செய்தாள். ஆனால் அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. தண்ணீர் எடுக்கப் போனபோதும் கூடவே வந்தது. திரும்பி வந்து குடத்தை இறக்கிவைத்தாள், ஏணியைச் சாத்தினாள், அவளே ஏறினாள்.

கூட்டில் மூன்று குட்டிகள். மயிர்கூட முளைக்காமல் செக்கச்செவேலென்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"அக்கா, பத்து நாள் பொறுத்துக்க. கண்ணு தொறந்துட்டா நானே கூட்டிக்கிட்டு ஒதுங்கிக்கிறேன்" என்றது அணில்.

"மழை பத்து நாள் பொறுக்குமா? வேய்ஞ்சு முடிக்கிற மட்டுந்தான். பொழுது சாயறதுக்குள்ள திரும்ப வச்சுருவேன்."

"கீழே பாம்பு இருக்குக்கா."

"பட்டப்பகல்ல ஒண்ணும் ஆகாது."

கூட்டைத் தூக்கி ஒரு முறத்தில் வைத்து அடுப்படி மூலையில் வைத்திருக்கலாம். அது அவளுக்குப் பிற்பாடுதான் தோன்றியது. அப்போது அவளுக்குக் கை பரபரத்தது. கூட்டோடு இறங்கிப் போய்ப் புளியமரத்து வேரிடுக்கில் வைத்துவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறினாள்.

அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேலிப் புதருக்கு ஓடியது. சடையாண்டி நீட்டிய ஓலையைக் கையில் வாங்கிக்கொண்டே ஒச்சம்மா கீழே பார்த்தாள். வேரிடுக்கில் ஏதோ பளபளவென்று நெளிந்தது. ஓலையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு இறங்கினாள். அவள் ஓடி வருவதற்குள் பாம்பு பொந்துக்குள் போய்விட்டது. கூடு கவிழ்ந்து கிடந்தது. அணில் வெறும் கூட்டைப் பார்த்துவிட்டு வேலிக்குத் திரும்பி ஓடியது. அங்கே விட்டுவந்த குட்டியை ஒரு வல்லூறு தூக்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அணில் அழவில்லை. வந்து ஒச்சம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தது.

"தங்கச்சி, நான் வேணும்னு செய்யல."

"பாம்பு இருக்குன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் ஒச்சம்மா.

"ஊருல எத்தனையோ கூரை இருந்துச்சு. நீ ஒண்ணைப் பறிகுடுத்தவன்னு தெரிஞ்சுதான் ஒங்கிட்ட வந்தேன்."

ஒச்சம்மா குனிந்து கவிழ்ந்த கூட்டை எடுக்கப் போனாள். "அதைத் தொடாதே" என்றது அணில்.

"குடுத்ததை முழுக்கப் பிடுங்க மாட்டேன். புள்ளைக வாயில இருக்கிறதைப் பிடுங்குறது எங்க பழக்கமில்ல. பொறக்குற ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு தடவை விழும், ஒரு தடவை முளைக்கும். அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதே."

அணில் மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அன்றே ஊரிலுள்ள அத்தனை கூரைகளும் காலியாயின. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் ஒச்சம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒங்க வீட்டு அணிலுதானக்கா மொதல்ல வந்துச்சு? எங்க போச்சு?"

"தெரியலையே" என்றாள் ஒச்சம்மா.

சடையாண்டி ஒரு முறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிச்ச விதைக் கம்பு பிழைத்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல்.

மாயக்காளுக்குப் பதினோரு வயதானபோது கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து, ஏற்கெனவே ஒரு முறை விழுந்து முளைத்திருந்த முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. வாயெல்லாம் ரத்தமாக வந்தவள் அழக்கூட இல்லை. தானே சாணி எடுத்தாள், பல்லைப் பொதிந்தாள், கூரைமேல் எறிந்தாள். தினமும் விடிந்ததும் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தாள். மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. ஈறு மூடி வழவழவென்று ஆகிவிட்டது.

"ஆத்தா, அணிலு மறந்துருச்சா?"

"மறந்துருக்கும்."

"கூப்பிட்டாக் கேக்குமா?"

நடந்ததைச் சொல்ல ஒச்சம்மா வாயைத் திறந்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் விரலைக் கண்டு முகத்தைத் திருப்பியது போல மறுபடியும் திருப்பிக்கொள்வாள்.

"கேக்கும். கூப்பிடு" என்றாள்.

மாயக்காள் முற்றத்தில் நின்றுகொண்டு, அணிலே அணிலே என்று தொண்டை கம்மும் வரை கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டு கூப்பிட்டார்கள். அவர்களிடமிருந்து அடுத்த தெரு கற்றுக்கொண்டது, அடுத்த ஊர் கற்றுக்கொண்டது. உண்மை தெரிந்த ஒருத்தி அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாகும்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் பிள்ளைகளுக்குப் பால்பல் போனால் ஒரே ஒரு முறை மறுபல் முளைக்கிறது. அன்று முதல்தான் அவர்கள் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிட்டு அணிலைக் கூப்பிடுகிறார்கள். மனிதக் குரல் கேட்ட மாத்திரத்தில் அணிலும் மரத்தின் மறுபக்கத்துக்கு ஓடி ஒளிந்துகொள்கிறது.