எடுக்காத அச்சு

மங்கையர்க்கரசிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ரப்பர் அச்சைத் துணியில் வைத்து அழுத்துவாள். எடுப்பதற்கு முன்பே ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கி, சாயம் பிடித்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி கீழே விடுவாள். அதற்குள் அச்சு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். கொடி இரட்டைக் கொடியாகும். மாங்காய்க்குப் பக்கத்தில் நிழல் மாங்காய் ஒன்று முளைக்கும்.

“அது என்ன குழிப்பணியாரமா மங்கை, வெந்துச்சான்னு குத்திப் பாக்கறதுக்கு?” என்பாள் பக்கத்தில் நிற்கும் ரஹ்மத். வகுப்பே சிரிக்கும். மங்கையும் சேர்ந்து சிரிப்பாள்.

நீலவேணி டீச்சர் மட்டும் சிரிக்கமாட்டாள்.

“எடுத்தா முழுசா எடுங்கக்கா. இல்லைன்னா கை வைக்காதீங்க” என்பாள். அவ்வளவுதான்.

திருச்சி தில்லை நகரில், தையல் சாமான் விற்கும் கடை ஒன்றின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. நீளமான மேசை. அதன்மேல் மடித்து விரித்த கம்பளி, கம்பளியின்மேல் பழைய வெள்ளைப் போர்வை. மெத்தென்று இருந்தால்தான் அச்சு முழுதாக விழும். சுவரோரம் பலகைகளில் மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் அச்சுகள் குப்புறக் கிடக்கும். தலையணை உறை, துப்பட்டா ஓரம், மேசை விரிப்பு என்று அச்சிடக் கற்றுக்கொள்ளப் பெண்கள் வருவார்கள்.

மங்கை அதற்காக வந்தவள் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே ஒரு குழந்தையை இழந்துவிட்டு, வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கமுடியாமல் வந்தவள். முதல் நாள் அவள் கேட்டது அச்சைப் பற்றி இல்லை.

“டீச்சர், இங்க வந்தா தூக்கம் வருமா?”

நீலவேணி, மங்கையைவிட ஆறேழு வயது சின்னவள். ஒரு முழு வெள்ளைத் துணியையும் மிளகளவு புள்ளி வைத்த அச்சு ஒன்றையும் கையில் கொடுத்தாள்.

“இதை ரொப்புங்க.”

துணி முழுதும் நிரம்பப் பல நாள் ஆயிற்று. தூக்கம் வந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து மங்கைக்கு அவள்தான் குரு. மனசில் எது கிளம்பினாலும் அவளிடம்தான் கேட்பாள். பதில் பெரும்பாலும் வாயிலிருந்து வராது. கையிலிருந்து வரும்.

இப்போது மங்கை மறுபடியும் கர்ப்பம். மறுபடியும் எட்டாம் மாதம்.

பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதையும் வாங்கக்கூடாது, பேசக்கூடாது. அது ஊர் வழக்கம். ஆனால் அந்த மாடியில் அது ஒரு படி மேலே போயிருந்தது. வாத்து அச்சு, கிலுகிலுப்பை அச்சு, பிஞ்சுப் பாத அச்சு எல்லாம் ஒருநாள் பலகையிலிருந்து காணாமல் போயின. யாரும் கூடிப் பேசிச் செய்யவில்லை. யாரோ ஒருத்தி எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். மங்கையும் அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல இருந்துவிட்டாள்.

அன்று படியேறும்போது அவள் ஒவ்வொரு படியிலும் நின்றாள். மூச்சு வாங்க அல்ல. உள்ளே கவனிக்க.

காலையில் கண் விழித்ததிலிருந்து குழந்தை அசையவில்லை.

வீட்டிலேயே, அசைகிறதா என்று பார்க்க, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் காபி குடித்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் நிறைத்த சொம்பை வயிற்றோடு வைத்துப் பார்த்தாள். கதவைத் தட்டினால் உள்ளே ஆள் இருந்தும் திறக்காத வீடு போல இருந்தது. உள்ளே ஆள் இருந்தும். அந்த இடத்திலேயே தன் நினைப்பை நிறுத்திக்கொண்டாள்.

கணவன் கதிரேசன் ஓசூரில் வேலையில் இருந்தான். போனை எடுத்தாள். எடுத்த போனை வைத்தாள். ஆஸ்பத்திரிக்கென்றுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அவள் வாய் தில்லை நகர் என்றது.

“வாங்க மகாராணி” என்றாள் ரஹ்மத். “இன்னிக்கு நிழல் மாங்கா எத்தனை கிலோ?”

மங்கை சிரித்தாள். சிரிக்க முடிந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

துப்பட்டா ஓரத்துக்குக் கொடி அச்சு. ஒரு கொடியின் நுனியில் அடுத்த கொடியின் அடி வந்து சேரவேண்டும். பச்சைச் சாயத்தில் பஞ்சை ஒற்றி, பஞ்சை அச்சின் முகத்தில் தட்டினாள். துணியில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து அழுத்தினாள்.

அப்படியே நின்றாள்.

மூலையைத் தூக்கவில்லை. எட்டிப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. கீழே கடையில் யாரோ ஜிப் விலை கேட்டார்கள். அச்சின் ஓரத்தில் பச்சை மெல்லக் கசிந்து, துணியின் இழைகளில் ஊர்ந்து போயிற்று.

“பணியாரம் போயி இட்லி வந்துருச்சு போல” என்றாள் ரஹ்மத். “மூடி போட்டு வேக வைக்கிறியா புள்ள?”

யாரும் சிரிக்கும் முன் டீச்சர் வந்து நின்றாள். மங்கையின் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

“அக்கா, எடுங்க.”

“எடுக்கறேன்.”

எடுக்கவில்லை.

“என்னக்கா?”

மங்கை துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், பக்கத்து வீட்டுச் சேதி சொல்வது போல.

“காலையில இருந்து அசையல டீச்சர்.”

ரஹ்மத்தின் கையிலிருந்த பஞ்சு மேசையில் விழுந்தது. “யா அல்லா” என்றாள். சத்தம் வெளியே வரவில்லை, உதடு மட்டும்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“உங்ககிட்டதான்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க எதுக்கு வந்தீங்க?”

“இங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகலைல்ல.”

மங்கையே மேலும் பேசினாள். அணை திறந்த மாதிரி இல்லை. சொட்டுச் சொட்டாக.

“போன தடவையும் இப்படித்தான். அன்னிக்குக் காலையில எனக்குப் பிள்ளை இருந்துச்சு. பஸ்ல போறப்ப இருந்துச்சு. அந்த ரூம்ல போய்ப் படுத்தேன். டாக்டர் ஸ்கிரீனை அந்தப் பக்கமாத் திருப்பினாங்க. அதுக்கப்புறம் இல்லை. பாத்ததாலதான் இல்லை. பாக்காம இருந்திருந்தா எனக்கு இன்னும் ஒரு நாள் இருந்திருக்கும்.”

“ம்.”

“பாக்காத வரைக்கும் இருக்குன்னுதானே அர்த்தம்? இது தப்பா டீச்சர்?”

நீலவேணி பலகையிலிருந்து இன்னொரு கொடி அச்சை எடுத்தாள். நிதானமாகச் சாயம் ஒற்றினாள். அதே துணியில், மங்கையின் அச்சுக்குப் பக்கத்தில், வைத்து அழுத்தினாள். கையை எடுத்துக்கொண்டாள். அச்சு துணியின்மேல் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

“இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“கொடி.”

“பாத்தீங்களா?”

“இல்லை.”

“நான் எடுக்காமயே விட்டா?”

“இருக்கும்.”

“எடுத்தா?”

மங்கை டீச்சரின் அச்சைப் பார்த்தாள். “அப்பவும் அதேதான் இருக்கும்.”

“சரியா விழலைன்னா?”

மங்கை தன் அச்சை இன்னும் அழுத்தினாள்.

“சொல்லுங்க. சாயம் கலங்கிப் போயிருந்தா நாம என்ன செய்வோம்?”

“ஈரத் துணியால ஒத்தி எடுப்போம்.”

“எப்போ?”

“காயறதுக்கு முன்னாடி.”

“காஞ்சுட்டா?”

மங்கை கையை எடுத்தாள். அச்சு துணியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“செருப்பைப் போடுங்க” என்றாள் நீலவேணி. “ரஹ்மத்தக்கா, ஆட்டோவை நிறுத்துங்க.”

ரஹ்மத் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். அந்த உடம்போடு அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆட்டோவில் மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நீலவேணி கதிரேசனோடு போனில் பேசினாள். “கிளம்பி வாங்கண்ணே. இல்லை, எனக்குத் தெரியலை. கிளம்பி வாங்க.” அந்தக் குரல் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்டது. சிக்னலில் வண்டி நின்றபோது கண்ணைத் திறந்த மங்கைக்கு ஒரு ஆறுதல் வந்தது. இந்தச் சிவப்பு மாறாமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

“அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றாள்.

“வேகமாப் போங்க” என்றாள் நீலவேணி.

டிரைவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தார். “யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கம்மா.”

மங்கை வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

“வேகமாப் போங்க” என்றாள் மங்கை.

ஆஸ்பத்திரியில் அதே மாதிரி ஓர் அறை. அதே பச்சைத் திரை. டாக்டர் வேறு. நடுவயதுப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். கர்ரென்று வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். இரைச்சல். மங்கை மேற்கூரையில் இருந்த பல்லியைப் பார்த்தாள். பல்லியும் அசையவில்லை.

அப்போது கேட்டது. தூரத்துக் கரையில் யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. அடித்தது. அடித்தது. நின்று நின்று அடித்தது.

“இருக்கு” என்றார் டாக்டர்.

மங்கை மூச்சை விட்டாள். டாக்டர் விடவில்லை.

“ஆனா துடிப்பு இறங்குதும்மா. இறங்கி இறங்கி ஏறுது. உள்ள மூச்சு முட்டுது. இப்பவே எடுத்தாகணும்.”

“எட்டு மாசம்தானே டாக்டர்?”

“வெளிய வந்துட்டா நான் ஏதாச்சும் செய்யலாம். உள்ளேயே இருந்தா யாரும் எதுவும் செய்ய முடியாது.”

“பொழைச்சிடுமா?”

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “இப்ப வந்திருக்கீங்க. அதை வெச்சுத்தான் நான் வேலை செய்யப் போறேன்.”

“சாயங்காலமா வந்திருந்தா?”

“சாயங்காலத்தைப் பத்தி இப்ப எதுக்கும்மா?” என்றவர் கையை உதறியபடி எழுந்தார். “சிஸ்டர், தியேட்டருக்குச் சொல்லுங்க.”

அதன்பிறகு எல்லாம் விரைந்து நடந்தன. வளையல்களைக் கழற்றினார்கள். பச்சை உடுப்பு மாட்டினார்கள். தாலியை மஞ்சள் கயிற்றோடு கழற்றி நீலவேணியின் கைக்குட்டையில் முடிந்தார்கள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் நேராக ஓடாமல் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. ஒவ்வொரு விளக்கும் போகும்போது, அதை இன்னொரு முறை பார்ப்போமா என்று மங்கை நினைத்தாள்.

நீலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.

“டீச்சர்.”

“சொல்லுங்கக்கா.”

“உள்ள என்ன நடக்கும்?”

“தெரியாதுக்கா.”

“நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

நீலவேணி முன்னால் பார்த்தபடி நடந்தாள். இரட்டைக் கதவு தெரிந்தது. அதன் வட்டக் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வெளிச்சம். தன் உள்ளங்கையில் ஒரு நடுக்கம் ஓடுவதை மங்கை உணர்ந்தாள். தன்னுடையது என்றே நினைத்தாள். விரல்களை இறுக்கிப் பார்த்தாள். தன் விரல்கள் அசையாமல் இருந்தன. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

“டீச்சர், நடுங்கறது உங்க கையா?”

“ஆமாக்கா. கதவு வரைக்கும் விட்டுறாதீங்க.”