மாப்பிள்ளை வண்டிக்கு ஆயில் மாற்றிய கதை

ஒத்தமரத்தூர் என்று ஒரு மலையூர். ஊர் முழுக்க மரங்கள்தான். பெயர் வைத்தவர் ஒன்றோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. அவர் வம்சம் இன்றைக்கும் அங்கே நல்லபடியாக வாழ்கிறது. அதில் ஒருவன்தான் அத்தியண்ணன்.

அத்தியண்ணனுக்குத் தங்கை கோகிலவாணி என்றால் உயிர். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் மலை ஏற முடியாமல் பாதி வழியிலேயே திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்த தினகரன் வீட்டில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. ஆனால் அவனுடைய தாத்தாவுக்கு வயது எழுபத்தாறு, மலை ஏறி நடக்க முடியாது. "நான் நேரில் வந்து அட்சதை போடாமல் தாலி ஏறாது" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதுவும் தட்டிப்போனால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று அத்தியண்ணன் தவித்துப்போனான். தடித்த நாலு சக்கரத்தோடு காடு மேடெல்லாம் ஏறும் பழைய ஏடிவி வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி இருமியது. அத்தியண்ணன் அடிவாரத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"ஆயிலை மாத்தணுங்க. பழைய ஆயிலோட ஸ்டார்ட் பண்ணிராதீங்க. எஞ்சின் சூடா இருக்கறப்ப பழசை இறக்கிருங்க. பைக் படம் போட்ட டப்பாவா வாங்குங்க. டப்பா மேல ரெண்டு நம்பர் இருக்கும், அதைப் பார்த்து உங்களுக்கு ஏத்ததா ஊத்துங்க" என்றார் மெக்கானிக்.

அத்தியண்ணன் இதில் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை. வந்த வினையே அதுதான்.

முதல் சிக்கலைக் கண்டுபிடித்தவர் அவனுடைய மாமா செங்கோடன். "ஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்கறாரு. ஆனா எஞ்சின் சூடா இருக்கோணுங்கறாரு. அதெப்படி மாப்ள?"

"ஒத்தடம் கொடுக்கலாங்க மாமா" என்றான் அத்தியண்ணன்.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எஞ்சினுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். கம்பளி போர்த்தினார்கள். கல்யாணத்துக்கு வந்த சனம் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று நலம் விசாரித்துவிட்டுப் போனது. கடைசியில் செங்கோடன் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "நல்லாக் கொதிக்குது, இறக்கிரு" என்றார். பழைய ஆயிலை இறக்கினார்கள்.

அடுத்தது புது ஆயில். வாங்கப் போனவன் அத்தியண்ணனின் பங்காளி நாச்சிமுத்து. அவன் இரண்டு டப்பாக்களோடு திரும்பி வந்தான்.

"எதுக்கு ரெண்டு?"

"படத்துல இருக்கற பைக்குக்கு ரெண்டு சக்கரம். நம்ம வண்டிக்கு நாலு. ஒரு டப்பா எப்படிப் பத்தும்?"

கணக்கு சரிதான் என்று செங்கோடன் தலையாட்டினார். ஆனால் ஒரு டப்பாவில் பத்து-நாற்பது என்றும், இன்னொன்றில் இருபது-ஐம்பது என்றும் போட்டிருந்தது. மூவரும் டப்பாக்களை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இது வயசு" என்றார் செங்கோடன். "தேர்த் திருவிழாவுல ராட்டினத்துப் பக்கம் இப்படித்தான் எழுதிப் போட்டிருந்தான். பத்து வயசிலிருந்து நாப்பது வயசு வரைக்கும் ஏறலாம்னு அர்த்தம்."

அத்தியண்ணன் பதறி எழுந்தான். "அப்ப எழுபத்தாறு வயசுத் தாத்தா எதுல ஏறுவாரு?"

கல்யாணம் கையை விட்டுப் போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது நாச்சிமுத்து தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு டப்பாவும் ஒரே வயித்துக்குள்ளதான போகுது? உள்ள போனப்புறம் நீ வேற நான் வேறன்னா இருக்கும்? கூட்டிப் பாருங்க. பத்தும் இருபதும் முப்பது. நாப்பதும் அம்பதும் தொண்ணூறு."

"முப்பதிலிருந்து தொண்ணூறு வரைக்கும்!" அத்தியண்ணன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "தாத்தா தாராளமா ஏறலாம்டா!"

இரண்டையும் ஊற்றினார்கள். வண்டி இருமலை விட்டது.

மறுநாள் காலை முதல் நடையில் தாத்தாவை ஏற்றிக்கொண்டு வந்து பந்தலில் இறக்கினான் அத்தியண்ணன். மாப்பிள்ளையை அழைத்துவர மறுபடி அடிவாரத்துக்குப் போனபோது முகூர்த்தம் நெருங்கிவிட்டிருந்தது. மாலையும் கழுத்துமாகத் தினகரன் வண்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"மாப்பிள்ளைக்கு வயசு எத்தனைங்க?" என்று கேட்டான் அத்தியண்ணன். ஒரு முறைக்காகத்தான் கேட்டான்.

"இருபத்தெட்டுங்க மச்சான்."

அத்தியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். துணைக்கு வந்திருந்த நாச்சிமுத்துதான் ஆயில் விவரத்தைச் சொன்னான். தினகரன் சிரிக்கவில்லை. தூக்கிய காலை மெதுவாகக் கீழே இறக்கினான். அந்தக் குடும்பத்துக்கு எல்லா வகையிலும் பொருத்தமான மாப்பிள்ளை அவன்.

"ரெண்டு வருசம் பொறுத்துக்கிட்டா எனக்கு முப்பது ஆயிரும். ஆனா முகூர்த்தம் தாங்காதே மச்சான்" என்றான் வருத்தத்தோடு. பிறகு அவனே யோசித்தான். "உங்களுக்கு எத்தனைங்க?"

"முப்பத்துநாலு."

"ஒரே சீட்டுல ஒருத்தர் மேல ஒருத்தரா உக்காந்தா கூட்டுக் கணக்குத்தானுங்களே? அறுபத்திரண்டு!"

அத்தியண்ணனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தங்கை கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டான். ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிய வேண்டும் என்பதால் மாப்பிள்ளை அடியிலும், மச்சான் அவன் மடியிலுமாக வண்டி மலை ஏறியது. பந்தலில் கெட்டிமேளம் வாசிக்கிறவர்கள் ஒரு நொடி வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"முகூர்த்தம் முடியப் போகுது, எறங்குங்க!" என்று கத்தினார் செங்கோடன்.

"நான் மொதல்ல எறங்கினா வண்டியில இருக்கறவருக்கு இருபத்தெட்டு ஆயிருமே மாமா!" என்றான் அத்தியண்ணன். அவன் அசையவே இல்லை.

செங்கோடனுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்தது. பெண்ணை வண்டிக்கே கூட்டிவரச் சொன்னார். மாப்பிள்ளை அண்ணனைச் சுற்றி இரண்டு கையையும் நீட்டித் தங்கை கழுத்தில் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சுக்குக் கை எட்டாததால் அண்ணனே விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இனி எப்படி இறங்குவது? வழி சொன்னவள் கோகிலவாணி. "எனக்கு இருபத்துநாலு. நானும் ஏறிக்கறேன். அண்ணன் எறங்கினாலும் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அம்பத்திரண்டு இருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாக் குதிச்சிக்கறோம்."

அவள் பட்டுப்புடவையை அள்ளிக்கொண்டு அண்ணன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினான். "எம்பத்தாறு! இன்னும் நாலுதான் பாக்கி. யாரும் மேல கை வெச்சிராதீங்க, கணக்கு ஏறிரும்!"

பேரனுக்குக் கல்யாணம் ஆன பூரிப்பில் தாத்தா மட்டும் இதைக் காதில் வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை நிறைய அட்சதையோடு, பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க வண்டியை நோக்கி நடந்தார்.

"தாத்தாவைப் பிடிங்கடா!" என்று பந்தலே அலறியது.